இண்டிகேட்டர் ஓடுவது ஓட்டுபவருக்கே தெரியவில்லை: டிக் சத்தத்தையும் பச்சை அம்பையும் தெளிவாக்க என்ன வழி?

திருமங்கலம்_ஆல்டோ

வண்டி 2008 மாருதி ஆல்டோ. ஓட்டுவது அப்பா, வயது 70. வெளியே எல்லா இண்டிகேட்டரும் ஒழுங்காக எரிகின்றன, எல்லாம் பழைய இழை பல்புகள்தான். சிக்கல் உள்ளே. ஏசி இரண்டாம் நம்பருக்குப் போனால் ஃப்ளாஷரின் (இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் டப்பா) டிக் டிக் அவருக்குக் கேட்பதில்லை. மீட்டரில் உள்ள பச்சை அம்பு, அவர் உட்காரும் உயரத்துக்கு ஸ்டீயரிங் வளையத்துக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. நான்கு வழிச்சாலையில் லாரியைத் தாண்டிவிட்டு இடது பக்கம் வந்த பிறகும் வலது இண்டிகேட்டர் அடித்துக்கொண்டே இருக்கிறது.

ஃப்ளாஷரை மாற்றினால் சத்தம் கூடுமா? பஸ்ஸர் வைப்பதென்றால் எந்த ஒயரில் சேர்ப்பது? டேஷ்போர்டு மேலே தனி விளக்கு வைக்கலாமா? சால்டரிங் அயனும் மல்டிமீட்டரும் கைவசம் உண்டு, வேலை செய்யத் தெரியும். எது எதனால் கெடும் என்பதைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆட்டோ_ஒயர்மேன்

பஸ்ஸர் வாங்குறதுக்கு முன்னாடி லீவர் தானா திரும்புதான்னு பாத்துடுங்க. வண்டியை நிறுத்தி வெச்சு இடது போட்டு, ஸ்டீயரிங்கை இடது பக்கம் முக்கால் சுத்து சுத்தி நேராக்குங்க. லீவர் டப்புனு நடுவுக்கு வரணும். வலதுக்கும் அதே மாதிரி. ஒரு பக்கம் வருது, மறுபக்கம் வரலைன்னா காம்பினேஷன் சுவிட்சுக்குள்ள (லீவர் சேர்ந்த சுவிட்சு) இருக்கிற பிளாஸ்டிக் நாக்கு தேஞ்சிருக்கும், இல்ல ஒடஞ்சிருக்கும். ரெண்டு பக்கமும் வருது, ஆனா ஒரு பக்கம் திருப்பம் முடியறதுக்கு முன்னாடியே விழுந்துடுதுன்னா, யாரோ ஸ்டீயரிங்கைக் கழட்டி ஒரு பல் தள்ளி மாட்டியிருக்காங்க. இந்தக் கோளாறு இருக்கறப்ப பஸ்ஸர் வெச்சா அது நாள் முழுக்க கத்தும், ரெண்டே நாள்ல பிடுங்கிப் போட்டுடுவீங்க. சுவிட்சை முதல்ல சரி பண்ணுங்க. ஏர்பேக் இருக்கிற வண்டின்னா பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, மேனுவல்ல சொன்ன நேரம் காத்திருந்துட்டு அப்புறம்தான் ஸ்டீயரிங்ல கை வைக்கணும்.

ஓவர்டேக் பண்றப்ப ஸ்டீயரிங் கொஞ்சம்தான் திரும்பும், அதுக்கு புது சுவிட்சா இருந்தாலும் கேன்சல் ஆகாது. அந்த இடத்துல லீவரைப் பூட்டுற வரைக்கும் தள்ளக் கூடாது. பாதியில விரலால பிடிச்சு நாலஞ்சு டிக் அடிக்க விட்டு விரலை எடுத்தா தானா நடுவுக்கு வந்துடும். செலவில்லாத வைத்தியம், அப்பாவுக்குப் பழகிட்டா பாதிப் பிரச்சினை போச்சு.

இனி ஃப்ளாஷர். இண்டிகேட்டரைப் போட்டுட்டு டேஷ்போர்டு அடியில கையை விட்டுத் தடவுங்க, எந்த டப்பா விரல்ல தட்டுதோ அதுதான். மூணு பின் இருக்கும்: பி சப்ளை, எல் விளக்கு, இ எர்த். சில கம்பெனில 49, 49ஏ, 31ன்னு போட்டிருப்பான். அந்த டப்பா ரப்பர்லயோ ஸ்பாஞ்சிலயோ தொங்கிட்டு இருந்தா சத்தம் அங்கேயே செத்துடும். அதோட காதைப் பிடிச்சு டேஷ்போர்டுக்குள்ள இருக்கிற இரும்புத் தகட்டுல ஸ்க்ரூ போட்டு இறுக்குங்க. தகடு அதிர்ந்து சத்தம் நல்லாவே கூடும். இன்னும் வேணும்னா மூணு ஒயரையும் நீட்டி டப்பாவையே மேல கொண்டு வரலாம். ஆனா ஒரு பக்கத்துக்கு 21 வாட் ரெண்டு, சைடு 5 வாட் ஒண்ணு, ஆக 47 வாட். 4 ஆம்பியர் கிட்ட வருது. ஹசார்டு (நாலு மூலையும் ஒண்ணா அடிக்கிறது) போட்டா அது ரெட்டிப்பு. அதனால 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்குக் குறைஞ்சு போடாதீங்க. மெலிசா போட்டா வோல்ட் விழுந்து விளக்கு மங்கும், இணைப்பு சூடாகும்.

கடையில 'எல்இடி ஃப்ளாஷர்'னு குடுத்தா வேண்டாம்னு சொல்லிடுங்க. அதுல பாதிக்கு மேல உள்ள ரிலேயே (காயில் இழுத்துத் தட்டுற சுவிட்சு) கிடையாது, சத்தமே வராது. அதோட பல்பு ஒண்ணு போயிட்டா டிக் வேகமா அடிச்சுக் காட்டுற வசதியும் போயிடும். இழை பல்பு இருக்கிற வண்டில அந்த எச்சரிக்கையை இழக்கிறது முட்டாள்தனம்.

பஸ்ஸர்னா 12 வோல்ட் பியசோ (கீச்சுனு கத்துற சின்ன பஸ்ஸர்) ஒண்ணு, 1என்4007 டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில விடுறது) ரெண்டு. ஒரு டயோடு இடது இண்டிகேட்டர் ஒயர்ல, இன்னொண்ணு வலதுல. வெள்ளிக் கோடு போட்ட முனை ரெண்டையும் சேர்த்து பஸ்ஸர் பிளஸ்ஸுக்கு, பஸ்ஸர் மைனஸ் பாடி எர்த்துக்கு. டயோடு இல்லாம ரெண்டு ஒயரையும் நேரா முறுக்கினா இடது போட்டாலும் வலது போட்டாலும் நாலு பக்கமும் எரியும். ஃப்ளாஷரோட எல் பின்ல ஒரே ஒயரா எடுத்தா போதுமேன்னு சில பேர் செய்வாங்க. ஓடாது. நிறைய ஃப்ளாஷர்ல சுவிட்சு அணைஞ்சிருந்தாலும் எல் பின்ல உள்ள இருந்து லேசா வோல்ட் கசியும், விளக்கு சேர்ந்துச்சான்னு பாக்கறதுக்காக. சாவி போட்டதுமே பஸ்ஸர் கொசு மாதிரி முனக ஆரம்பிக்கும். அதனால சுவிட்சுக்கு அப்புறம் வர்ற ஒயர்லதான் எடுக்கணும்.

அந்த ஒயர் எங்க இருக்கும்? பின்பக்கம் போற கட்டு பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவு ஓரத்துல, கால் வைக்கிற இடத்துப் பிளாஸ்டிக்குக்கு உள்ளே ஓடும். நிறத்தை நம்பாதீங்க, நடுவுல யாராவது ஒயரிங் செஞ்சிருப்பாங்க. 5 வாட் பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப்பால பாருங்க. இண்டிகேட்டர் ஓடறப்ப டிஜிட்டல் மீட்டர்ல எண் ஆடிட்டே இருக்கும், ஒண்ணும் புரியாது. இடது போட்டா மட்டும் மினுக்குதா, பார்க் லைட் போட்டா எரியாம இருக்குதா, ரெண்டையும் உறுதி பண்ணிட்டு ஒயரைச் சுரண்டி சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் போடுங்க. அழுத்தி மாட்டுற நீல கிளிப் மழைக்காலத்துல பச்சை பூத்துடும். எடுத்த இடத்துலயே ரெண்டு பக்கமும் 1 ஆம்பியர் ஃபியூஸ் தனித்தனியா. வண்டியோட ஃபியூஸ் 10, 15 ஆம்பியர். நீங்க போடற மெலிசு ஒயரை அது காப்பாத்தாது, ஒயர் எரிஞ்ச பிறகுதான் போகும்.

செவிநுட்பம்

ஒயரிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 70 வயதுக் காதுக்கு பியசோ பஸ்ஸரைப் பரிந்துரைக்கும் முன் யோசிக்க வேண்டும்.

வயதால் வரும் செவித்திறன் குறைவில் முதலில் மங்குவது மேல் சுருதி. 4,000 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் முதலில் போகும், பிறகு மெல்லக் கீழே இறங்கும். 500, 1,000 ஹெர்ட்ஸில் அவர் பெரும்பாலும் நன்றாகவே கேட்பார். பேச்சுச் சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்: உயிரொலிகள் கீழ்ச் சுருதியில் இருக்கின்றன, ச, ஸ போன்ற உரசொலிகள் மேலே. கடையில் கிடைக்கும் 12 வோல்ட் பியசோ பஸ்ஸர்கள் பெரும்பாலும் 3,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள் கத்துபவை. பக்கத்தில் உட்கார்ந்த மகனுக்குக் காது கிழியும், அப்பாவுக்கு எங்கோ ஒலிப்பது போலிருக்கும். பிறகு 'இன்னும் சத்தமான பஸ்ஸர்' தேடிப் போவீர்கள். கேட்காத சுருதியில் டெசிபலைக் கூட்டுவது பணத்துக்குக் கேடு.

மறுபக்கம், மிகக் கீழே போனாலும் பயனில்லை. டயர் இரைச்சல், எஞ்சின் உறுமல், ஏசி காற்று மூன்றின் வலுவும் கீழ்ச் சுருதியில்தான் குவிந்திருக்கிறது. 200 ஹெர்ட்ஸ் முனகல் அதற்குள் கரைந்துவிடும். நடுவில் 700 முதல் 1,500 வரை உள்ள இடமே இவருக்கு ஏற்றது.

ஆடியோகிராம் (செவிப் பரிசோதனை வரைபடம்) எடுத்திருந்தால் 1,000, 2,000, 4,000 புள்ளிகளைப் பாருங்கள். 4,000இல் கோடு செங்குத்தாக விழுந்திருந்தால் பியசோவை மறந்துவிடுங்கள். எடுக்கவில்லையென்றால் கைபேசியில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றைப் போட்டு, எஞ்சினையும் ஏசியையும் வழக்கம்போல் ஓடவிட்டு, பஸ்ஸர் வரப்போகும் இடத்தில் கைபேசியை வைத்து 800, 1,000, 2,000, 3,500 என்று மாற்றுங்கள். கைபேசியின் ஒலி அளவை மட்டும் மாற்றாதீர்கள். எது தெளிவாகக் கேட்கிறது என்று அவரே சொல்வார். காது கேட்கும் கருவி அணிபவராக இருந்தால் அதை அணிந்தே சோதியுங்கள். சில கருவிகள் ஓயாத ஒரே ஒலியை இரைச்சல் என்று எண்ணி அடக்கிவிடும், விட்டுவிட்டு வரும் தட்டல் தப்பித்துவிடும்.

பஸ்ஸர் உறையில் எழுதியிருக்கும் டெசிபல் பெரும்பாலும் 10 அல்லது 30 சென்டிமீட்டரில் அளந்தது. தொலைவு இரட்டித்தால் திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும். ஆகவே கால் பக்கத்தில் கத்துவதைவிடக் கண் மட்டத்துக்கு அருகே மெல்ல ஒலிப்பது மேல். நம் வண்டிகளில் ஓட்டுநரின் வலக்காது ஜன்னல் பக்கம். கண்ணாடி இறங்கியிருந்தால் அந்தக் காதுக்குக் காற்றிரைச்சல்தான் கேட்கும். ஸ்டீயரிங் தண்டுக்கு இடது பக்கம் வையுங்கள்.

ஆட்டோ_ஒயர்மேன்

செவிநுட்பம் சொல்றது சரின்னா, பஸ்ஸரை விட ஒரு சாதா ரிலே நல்லா வேலை செய்யும். ஹாரன், ஹெட்லைட்டுக்குப் போடுற 12 வோல்ட் க்யூப் ரிலே, 30 ஆம்பியரோ 40 ஆம்பியரோ, எது கிடைச்சாலும் சரி. பஸ்ஸர் இடத்துல அதோட காயிலை மாட்டுங்க, 85, 86ன்னு போட்ட ரெண்டு பின். 30, 87 பின்களைச் சும்மா விட்டுடுங்க, டேப் சுத்திடுங்க. நமக்கு வேண்டியது அது இழுக்கற சத்தமும் விடற சத்தமும் மட்டும்தான். காயில் 80, 90 ஓம் இருக்கும், 150 மில்லி ஆம்பியர் கிட்ட எடுக்கும். 47 வாட்டுக்கு முன்னாடி இது 2 வாட், ஃப்ளாஷர் வேகம் மாறாது, பல்பு போனா வேகமா அடிக்கறதும் அப்படியே இருக்கும்.

காயிலுக்குக் குறுக்க இன்னொரு 1என்4007 போடணும், வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம். ரிலே விடறப்பல்லாம் காயில் திருப்பி உதைக்கிற வோல்ட்டை அது அங்கேயே அடக்கிடும். ரிலேவை வெறும் பிளாஸ்டிக்ல ஒட்டாதீங்க. மீட்டர் கூண்டுக்கு அடியில இருக்கிற இரும்புச் சட்டத்துல காதை இறுக்கினா அது தகட்டோட சேர்ந்து தட்டும். கணீர்னு இருக்காது, டொக் டொக்னு அழுத்தமா இருக்கும். பெரியவங்களுக்கு அது நல்லாவே பிடிபடும்.

திருமங்கலம்_ஆல்டோ

லீவர் இரண்டு பக்கமும் ஒழுங்காகத் திரும்புகிறது. ஃப்ளாஷர் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் ஆடிக்கொண்டிருக்கிறது, அதை இறுக்கிவிடுகிறேன். கைபேசிச் சோதனையில் 1,000 தெளிவாகக் கேட்கிறது, 3,500 ஏசி ஓடும்போது கேட்கவே இல்லை. அதனால் ரிலே வழிதான்.

ஒரு சந்தேகம். இரண்டு டயோடு முறையில் ஹசார்டு போட்டாலும் இது தட்டும் அல்லவா? மழையில் ஓரம் நிறுத்தி அரை மணி நேரம் ஹசார்டு போட்டு உட்காரும்போது அதைத் தவிர்க்க முடியுமா?

ஐந்துவோல்ட்டு

முடியும். எர்த்தே வேண்டாம். நான்கு 1என்4007ஐ பிரிட்ஜாகக் (எந்தத் திசையில் வந்தாலும் ஒரே திசையில் வெளியே விடும் கட்டு) கட்டுங்கள், அல்லது 1 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் ஒன்று வாங்குங்கள். மாறு மின்னோட்டக் குறியிட்ட இரண்டு கால்களில் ஒன்றை இடது இண்டிகேட்டர் ஒயரிலும் மற்றதை வலதிலும் சேருங்கள். பிளஸ், மைனஸ் கால்களுக்கு இடையே ரிலே காயில். அவ்வளவுதான்.

வேலை செய்யும் விதம்: இடது எரியும்போது மின்சாரம் இடது ஒயரிலிருந்து பிரிட்ஜ் வழியாகக் காயிலுக்குள் போய், வலது ஒயர் வழியே அணைந்து கிடக்கும் வலப்பக்க பல்புகளின் இழைகளுக்குள் இறங்கி எர்த் அடைகிறது. குளிர்ந்த 21 வாட் இழையின் தடை ஒரு ஓமுக்கும் குறைவு. 150 மில்லி ஆம்பியர் அதில் ஓடினால் சிவக்கக்கூடச் செய்யாது. ஹசார்டு போட்டால் இரண்டு ஒயரிலும் ஒரே நேரத்தில் ஒரே வோல்ட். வித்தியாசம் இல்லாததால் காயிலுக்குள் எதுவும் ஓடாது, ரிலே வாய் திறக்காது. ஒற்றைப் பச்சை விளக்கு வைத்த பழைய பைக்குகளில் அந்தச் சின்ன பல்பு இரு பக்கத்துக்கும் பொதுவாக எரிவது இதே தந்திரத்தால்தான். இங்கே காயிலுக்குத் தனி டயோடும் தேவையில்லை. விடும்போது எழும் உதை பிரிட்ஜின் டயோடுகள் வழியாகவே சுற்றி அடங்கிவிடும். பிரிட்ஜுக்குள் இரண்டு டயோடைத் தாண்டுவதில் 1.5 வோல்ட் குறையும். எஞ்சின் ஓடும்போது 13.5க்கு மேல் இருப்பதால் ரிலே தாராளமாக இழுக்கும். உள்ளேயே டயோடு வைத்த ரிலே வாங்கினால் 85, 86இன் திசையைப் பார்த்து மாட்டுங்கள், மாறினால் 1 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடும்.

இதில் தவறு நேரும் இடம் ஒன்றே ஒன்று, ஆனால் ஆபத்தானது. பின்னாளில் யாராவது நான்கு மூலையிலும் எல்இடி பல்பு மாட்டினால், திரும்பிப் போக இழை இருக்காது. காயில் மின்சாரம் எதிர்ப்பக்க எல்இடிக்குள் ஓடி அதை லேசாக மினுக்கும். இடது போட்டால் வலதும் மங்கலாக அடிக்கும், பின்னால் வருபவருக்கு எந்தப் பக்கம் என்று தெரியாது. எல்இடிக்கு மாறும் நாளில் பிரிட்ஜை எடுத்துவிட்டு ஒயர்மேன் சொன்ன இரண்டு டயோடு முறைக்குப் போங்கள். டேஷ்போர்டுக்குள் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள்.

அடுத்து விளக்கு. மீட்டரைக் கழற்றும் வாய்ப்பு வந்தால் அம்புக்குப் பின்னுள்ள சின்ன பல்பின் கண்ணாடி கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். பதினைந்து வருடப் பல்பு பாதி வெளிச்சம்தான் தரும். அதற்காகவே மீட்டரைக் கழற்றச் சொல்ல மாட்டேன், அம்பு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும்வரை எவ்வளவு பிரகாசமானாலும் ஒன்றுதான்.

மீட்டர் கூண்டின் மேல் விளிம்பில், இடக்கோடியில் ஒன்று, வலக்கோடியில் ஒன்று என்று 5 மில்லிமீட்டர் பச்சை எல்இடி இரண்டு. நடுவில் ஒன்று மட்டும் வைத்தால் பக்கம் தெரியாது. பச்சையையே போடுங்கள், உலகம் முழுக்க இதற்கு அந்த நிறம்தான். சிவப்பு மினுக்கினால் வண்டி எடுத்துப் போகும் வேறொருவர் எஞ்சின் கோளாறு என்று ஓரம் கட்டுவார். ஒவ்வொன்றுக்கும் தனியாக 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர், தொடரில் ஒரு 1என்4007. 14.4 வோல்ட்டில் டயோடு 0.7, பிரகாசமான பச்சை எல்இடி 3.2 என்று கழித்தால் மீதி 10.5. பத்து மில்லி ஆம்பியர் கிட்ட ஓடும், ரெசிஸ்டரில் 0.11 வாட். கால் வாட்டே தாங்கும், வெயிலில் கொதிக்கும் டேஷ்போர்டு என்பதால் அரை வாட். மைனஸ் இரண்டும் எர்த்துக்கு. பிரிட்ஜ் இருந்தாலும் இதற்கு இடைஞ்சல் இல்லை. எதிர்ப்பக்க ஒயரில் அப்போது ஏறும் வோல்ட் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழ்.

பகலுக்கு ஏற்ற வெளிச்சம் இரவில் முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் குத்தும். எல்இடி தலைக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டி, வாயை ஓட்டுநரின் கண்ணை நோக்கித் திருப்புங்கள். கண்ணாடிப் பக்கம் ஒளி சிந்தாது. முனையை நைஸ் உப்புத்தாளால் தேய்த்தால் ஊசிக்குத்து போன்ற ஒளி பரவலாகிவிடும். அப்படியும் அதிகமென்றால் ரெசிஸ்டரை 2.2 கிலோ ஓம் ஆக்குங்கள்.

மீட்டர்_கண்ணாடி

ஆல்டோவுக்கு மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். இதைப் படித்துவிட்டுப் புது வண்டிக்காரர்கள் ஒயரைச் சுரண்டக் கூடாது என்பதற்காக ஒரு குறிப்பு.

பாடி கன்ட்ரோல் மாட்யூல் (விளக்குகளை இயக்கும் கணினிப் பெட்டி) உள்ள வண்டிகளில் தனி ஃப்ளாஷர் கிடையாது. டிக் சத்தம் மீட்டருக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் எழுப்பும் போலிச் சத்தம். மாட்யூல் ஒவ்வொரு பல்பு எடுக்கும் மின்சாரத்தையும் அளக்கிறது. சில வண்டிகளில் பல்பு அணைந்திருக்கும்போதே நுண்ணிய துடிப்பு அனுப்பிச் சோதிக்கும், அந்தத் துடிப்புக்கு உங்கள் பஸ்ஸர் சும்மா இருக்கும்போதும் கீச்சிடும். மேலே சொன்ன பிரிட்ஜ் தந்திரத்தை இங்கே முயலவே கூடாது. வாரன்டி தகராறும் சேர்ந்து வரும்.

முதலில் மீட்டர், திரை இரண்டின் அமைப்பு மெனுவையும் துழாவுங்கள். எச்சரிக்கை ஒலியின் அளவைக் கூட்டும் வசதி பல வண்டிகளில் அங்கேயே இருக்கிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஹூண்டாய், கியா வண்டிகளில் ஒரு தட்டுக்கு 3, 5, 7 முறை அடித்துத் தானே நிற்கும் அமைப்பு உண்டு. அதை 5 அல்லது 7இல் வைத்தால் ஓவர்டேக்குக்கு லீவரைப் பூட்ட வேண்டிய தேவையே போய்விடும், மறந்துபோக எதுவும் மிஞ்சாது. அவற்றின் மேல்தட்டு மாடல்களில் இண்டிகேட்டர் போட்டதும் அந்தப் பக்கக் கேமராவின் படம் மீட்டரில் விரியும். அதைக் கவனிக்காமல் விடுவது கடினம். அதற்காக வண்டி மாற்றச் சொல்லவில்லை.

ஐந்துவோல்ட்டு

தட்டல் சத்தம் பழகிப்போய்க் காது அதையும் கேட்காமல் விடும் நாள் வரலாம். அப்போது செய்ய வேண்டியது, குறித்த எண்ணிக்கைக்கு மேல் அடித்தால் மட்டும் வேறு ஒலி எழுப்புவது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் பலவற்றில் இண்டிகேட்டரோடு 1.2 கிலோமீட்டர் ஓடினால் மணி அடிக்கும். நமக்குத் தொலைவு அளக்க எளிய வழியில்லை, எண்ணிக்கை போதும்.

டயோடு, ரெசிஸ்டர், பெரிய கெப்பாசிட்டர் ஒன்று வைத்து ஏற்றிவிடலாம் என்று தோன்றும். ஏறும், இறங்காது. ஒரு திருப்பத்தில் ஏறிய மின்சாரம் அடுத்த திருப்பம் வரைக்கும் மிச்சமிருந்து, போட்டவுடனே கத்தும். ஏடிடைனி85 சில்லு (நிரல் எழுதக்கூடிய சின்ன மைக்ரோகன்ட்ரோலர்) ஒன்று இதைச் சுத்தமாகச் செய்யும். இடது, வலது, பிரேக் விளக்கு ஒயர் என்று மூன்று உள்ளீடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிசி817 (ஒளி வழியாகச் சைகையைக் கடத்தும் ஆப்டோகப்ளர்), முன்னால் 2.2 கிலோ ஓம், அதன் எல்இடிக்குத் தலைகீழாக ஒரு 1என்4148. சப்ளை சாவிக்குப் பின் வரும் ஒயரிலிருந்து: அரை ஆம்பியர் ஃபியூஸ், 1என்4007, 18 வோல்ட் டிரான்ஸில் டயோடு (திடீர் வோல்ட் எழுச்சியை அடக்குவது), 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர்), அதன் இரு பக்கமும் கெப்பாசிட்டர். சாவி இல்லாத ஒயரில் எடுத்தால் 7805 ஒன்றே 5 மில்லி ஆம்பியர் தின்னும். ஒரு மாதம் நிறுத்திவைத்தால் 3.6 ஆம்பியர் மணி போயிருக்கும், சின்ன பேட்டரிக்கு அது கணிசம்.

நிரல் எழுதும்போது: ஒரு பக்கத் துடிப்பு மட்டும் வந்தால் ஒன்று கூட்டு. இரு பக்கமும் 50 மில்லி நொடிக்குள் சேர்ந்து வந்தால் அது ஹசார்டு, கூட்டாதே. ஒன்றரை நொடி துடிப்பே இல்லையென்றால் பூஜ்ஜியம். பிரேக் மிதித்திருந்தால் பூஜ்ஜியம். 40ஐத் தாண்டினால் ஒலி. நிமிடத்துக்கு 85 என்ற வேகத்தில் 40 துடிப்பு 28 நொடி. பிரேக் உள்ளீட்டை விட்டுவிட்டுக் கட்டுபவர்கள்தான் அதிகம், பிறகு வலது திரும்பக் காத்திருக்கும் ஒவ்வொரு சிக்னலிலும் அது கத்துகிறது என்று கழற்றி எறிகிறார்கள். சிக்னலில் கால் பிரேக்கில்தான் இருக்கும், எண்ணிக்கை ஏறாது. ஒலிக்கு இன்னொரு ரிலே வைப்பதானால் டிரான்சிஸ்டராக பிசி547 போடாதீர்கள், அதன் எல்லை 100 மில்லி ஆம்பியர். பிசி337, பேஸில் 470 ஓம், காயிலுக்குக் குறுக்கே டயோடு.

சிவகாசி_ஸ்கூட்டர்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஸ்கூட்டரில் ஏற்கெனவே நான்கும் எல்இடி, ஃப்ளாஷரும் எல்இடி ஃப்ளாஷர், மீட்டரில் ஒரே பச்சை பல்பு. எல்இடி மாட்டியதிலிருந்து எந்தப் பக்கம் போட்டாலும் இரு பக்கமும் அடிக்கிறது. பஸ்ஸரும் வைக்க வேண்டும். ரிலே தட்டுவது எஞ்சின் சத்தத்தில் கேட்காது.

ஐந்துவோல்ட்டு

காரணம் அந்த ஒற்றைப் பச்சை பல்பு. அது இடது, வலது ஒயர்களுக்கு நடுவே நேராகக் கோத்திருக்கிறது. முன்பு எதிர்ப்பக்க இழை வழியாக எர்த் போனது, இப்போது எதிர்ப்பக்க எல்இடியை எரியவைத்துக்கொண்டு போகிறது. பச்சை பல்பின் இரண்டு ஒயரையும் பிரித்து, இரண்டு 1என்4007இன் கோடிட்ட முனைகளைச் சேர்த்து பல்பின் ஒரு காலுக்குக் கொடுங்கள், மறு முனைகள் இடதுக்கும் வலதுக்கும். பல்பின் மறு கால் எர்த்துக்கு. இரு பக்கமும் அடிப்பது நின்றுவிடும்.

பஸ்ஸரை அந்தப் பச்சை பல்புக்கு இணையாகவே மாட்டலாம், புதிதாக டயோடு வேண்டாம். ஹெல்மெட்டுக்குள் கேட்க வேண்டும் என்பதால் 2,300 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலிக்கும் காந்த பஸ்ஸர் எடுங்கள். வாயைக் கீழ்நோக்கி, ஹேண்டில் மூடிக்கு உள்ளே. மேல்நோக்கி வைத்தால் முதல் மழையிலேயே தண்ணீர் புகும். பாட்டுப் பாடும் பஸ்ஸர் மட்டும் வாங்காதீர்கள். ஒரு மினுக்கலுக்குள் அதன் முதல் சுரம்கூட முடியாது, ஒவ்வொரு மினுக்கலிலும் அதே அரைச் சுரத்தைத் திரும்பத் திரும்பத் தொடங்கிக்கொண்டிருக்கும்.